இன்னொரு கிட்டாரைத் தேடி: நீல் யங்கின் 1969 ஆல்பத்தைக் கேட்க ஒரு முழு வழிகாட்டி

ராக் கிட்டார் என்றால் விரல்கள் பறக்க வேண்டும் என்று நம்பிக்கொண்டிருந்த வயதில்தான் 'எவ்ரிபடி நோஸ் திஸ் இஸ் நோவேர்' ஆல்பம் முதலில் என் காதில் விழுந்தது. பஸ்ஸில், போன் ஸ்பீக்கரில். நான்காவது பாட்டு ஒன்பது நிமிடம். அதில் கிட்டார்காரர் ஒரே ஸ்வரத்தைத் திரும்பத் திரும்பக் கொத்திக்கொண்டிருந்தார். இவருக்கு வாசிக்கவே தெரியாதோ என்று நினைத்து நிறுத்திவிட்டேன். பல மாதம் கழித்து ஓர் இரவில் ஹெட்ஃபோனில் அதே பாட்டு தற்செயலாக ஓடியது. அப்போதுதான் தெரிந்தது, நான் கவனிக்க வேண்டிய கிட்டாரை விட்டுவிட்டு வேறொன்றைக் கேட்டிருக்கிறேன் என்று.

அந்தத் தவறை நீங்கள் செய்யாமல் இருக்கத்தான் இந்த வழிகாட்டி. நீல் யங், கிரேசி ஹார்ஸ் குழுவுடன் சேர்ந்து செய்த முதல் ஆல்பம் இது. 1969 மே மாதம் ரிப்ரீஸ் நிறுவனம் வெளியிட்டது. ஏழே பாட்டுகள், மொத்தம் 40 நிமிடம். அதற்குப் பின் ஐம்பது வருடத்துக்கு மேல் 'கிரேசி ஹார்ஸ் சத்தம்' என்று ரசிகர்கள் எதைச் சொல்கிறார்களோ, அது இங்கே ஏறக்குறைய முழுதாக உருவாகிவிட்டது. நீல் யங்குக்கு அப்போது வயது 23.

ராக் இசை பழக்கமில்லாதவர்களும் கிட்டாரைத் தொட்டே பார்க்காதவர்களும் இதைப் பின்பற்றலாம். கிட்டார் வாசிப்பவர்களுக்குத் தனியாக ஒரு படி கீழே இருக்கிறது.

முதல் படி: இரண்டு காதும் வேண்டும்

இது சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் இதைத் தவறவிட்டால் மற்ற எதுவும் பலிக்காது. இந்த ஆல்பத்தில் இரண்டு எலெக்ட்ரிக் கிட்டார்கள் ஒன்றோடு ஒன்று பேசிக்கொள்கின்றன. ஸ்டீரியோவில் ஒன்று ஒரு பக்கம், மற்றொன்று மறுபக்கம். போன் ஸ்பீக்கரிலோ ஒற்றை புளூடூத் ஸ்பீக்கரிலோ கேட்டால் இரண்டும் ஒன்றாகக் குழைந்து ஒரே இரைச்சலாகிவிடும். நான் பஸ்ஸில் கேட்டது அந்தக் குழம்பைத்தான்.

ஆகவே ஹெட்ஃபோன் அல்லது இரண்டு ஸ்பீக்கர். விலை உயர்ந்ததாக இருக்க வேண்டியதில்லை. போன் செட்டிங்கில் மோனோ ஆடியோ என்று ஒரு வசதி உண்டு; இரண்டு பக்க ஒலியையும் ஒன்றாகக் கலந்துவிடுவது. அது ஆன் ஆகி இருந்தால் அணைத்துவிடுங்கள். ஒலியைச் சரிப்படுத்தும் ஈக்வலைசரில் தாழ்ந்த ஒலியைக் கூட்டும் பேஸ் பூஸ்ட் போட்டிருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். கிரேசி ஹார்ஸின் பில்லி டால்பட் வாசிக்கும் பேஸ் கிட்டார் ஏற்கெனவே போதுமான கனத்துடன் இருக்கிறது.

இரண்டாம் படி: முந்தைய ஆல்பத்திலிருந்து ஒரு பாட்டு

நேராக இந்த ஆல்பத்துக்குள் போகாதீர்கள். நீல் யங்கின் முதல் தனி ஆல்பத்திலிருந்து 'தி லோனர்' பாட்டை ஒருமுறை கேளுங்கள். அந்த ஆல்பம் 1968 நவம்பரில் வந்தது. நல்ல பாட்டுதான். ஆனால் அது எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று கவனியுங்கள்: கருவிகளைத் தனித்தனியாகப் பதிவு செய்து, ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி, மெருகேற்றியிருக்கிறார்கள். அந்த ஆல்பம் முழுக்க இதே கதைதான். போதாக்குறைக்கு, ஸ்டீரியோ தட்டு மோனோ கருவியிலும் சரியாகக் கேட்க வேண்டும் என்று அக்காலத்தில் ஒரு புதுத் தொழில்நுட்பத்தை அதன் மீது ஏற்றினார்கள். குரல் மங்கிப்போனது. யங் கடுப்பாகி, மறுபடி மிக்ஸ் செய்து மறுவெளியீடு செய்ய வைத்தார்.

அடுத்த ஆல்பத்துக்கு 1969 ஜனவரியிலேயே ஸ்டுடியோவுக்குள் போய்விட்டார். தயாரிப்பாளர் அதே டேவிட் பிரிக்ஸ். ஆனால் செய்முறை தலைகீழ். எல்லாரும் ஒரே அறையில் நின்று ஒன்றாக வாசித்தார்கள், அது பதிவானது. 'தி லோனர்' முடிந்த கையோடு 'சின்னமன் கேர்ள்' பாட்டின் முதல் பத்து விநாடியைக் கேளுங்கள். ஆறு மாத இடைவெளியில் வந்த இரண்டு ஆல்பங்கள் என்று நம்ப முடியாது.

மூன்றாம் படி: யார் யார் என்று தெரிந்துகொள்ளுங்கள்

யங் கனடாக்காரர். டொராண்டோவில் பிறந்து, வின்னிபெக்கில் பள்ளிக் காலத்தைக் கழித்து, லாஸ் ஏஞ்சலிஸ் வந்து பஃபலோ ஸ்பிரிங்ஃபீல்டு குழுவில் பெயர் வாங்கியவர். அந்தக் குழு 1968இல் கலைந்தது.

அதே ஊரில் 'தி ராக்கெட்ஸ்' என்று ஒரு குழு இருந்தது. ஆறு பேர், அதில் ஒருவர் வயலின். 1968இல் ஒரே ஓர் ஆல்பம் போட்டார்கள், விற்கவில்லை. யங் அவர்களோடு சேர்ந்து அவ்வப்போது வாசித்துப் பார்த்தார். விஸ்கி எ கோகோ என்ற கிளப்பின் மேடையிலும் ஒருமுறை ஏறினார். அப்புறம் அவர்களில் மூவரை மட்டும் கூப்பிட்டார்: கிட்டாரும் குரலுமாக டேனி விட்டன், பேஸ் கிட்டாருக்கு பில்லி டால்பட், டிரம்ஸுக்கு ரால்ஃப் மோலினா. மூவருக்கும் கிரேசி ஹார்ஸ் என்று பெயர் வந்தது. ராக்கெட்ஸ் அத்தோடு முடிந்தது. மற்ற மூவருக்கு அது வலித்திருக்கும்தானே? ஆல்பத்தின் ஆறாவது பாட்டான 'ரன்னிங் டிரை'க்கு, ராக்கெட்ஸுக்கு ஓர் இரங்கற்பா என்று பொருள்படும் துணைத்தலைப்பை யங் வைத்திருக்கிறார். அதில் வயலின் வாசிப்பவர் பாபி நாட்காஃப், ராக்கெட்ஸின் அதே வயலின்காரர். கலைத்துவிட்ட வீட்டுக்காரர்களில் ஒருவரையே ஒப்பாரிக்கு அழைத்தது போல.

இந்த மூவரில் ஒருவர் பெயரை மட்டும் நினைவில் வைத்தால் போதும்: டேனி விட்டன். இனி தேடப்போவது அவருடைய கிட்டாரைத்தான்.

நான்காம் படி: 'சின்னமன் கேர்ள்', மூன்று முறை

மூன்று நிமிடம்கூட இல்லாத பாட்டு. மூன்று முறை கேட்பதால் நேரம் ஒன்றும் போய்விடாது.

முதல் முறை சும்மா கேளுங்கள். திரும்பத் திரும்ப வரும் கனமான அந்தக் கிட்டார் துணுக்கு (ரிஃப்), கைத்தட்டல், தலை தானாக ஆடுவது, எல்லாம் வந்துபோகட்டும்.

இரண்டாம் முறை குரலை மட்டும் பிடியுங்கள். ஒரே ஆள் பாடுவது போலத் தோன்றும். உண்மையில் இரண்டு குரல்கள் தொடக்கத்திலிருந்து கடைசி வரை ஒட்டியே போகின்றன. மேலே போவது விட்டன், கீழே இருப்பது யங். பாட்டுக்குச் சொந்தக்காரர் கீழ்க்குரலில் இருக்கிறார். நேற்று சேர்ந்தவர் மேலே. தன் பெயரில் வரும் ஆல்பத்தின் முதல் பாட்டிலேயே இப்படி இடம் விட்டுக்கொடுக்க எத்தனை பேருக்கு மனம் வரும் என்று தெரியவில்லை.

மூன்றாம் முறை அந்தப் புகழ்பெற்ற சோலோ, அதாவது கிட்டார் தனித்து வாசிக்கும் இடம். கிட்டத்தட்ட ஒரே ஒரு ஸ்வரம். கேலி செய்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஆனால் ஒவ்வொரு தட்டலுக்கும் கம்பி கொஞ்சம் நெளிகிறது, கொஞ்சம் அழுத்தம் மாறுகிறது. அதற்கடியில் மற்ற மூவரும் கார்டுகளை, அதாவது சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டங்களை, நகர்த்திக்கொண்டே போகிறார்கள். மேலே ஸ்வரம் அசையாமல் நிற்க, தரை நகர்கிறது. தம்புராவை முன்னால் கொண்டுவந்து வைத்துவிட்டுப் பாட்டைப் பின்னால் தள்ளியது போன்ற ஏற்பாடு. எல்லாம் முடிந்தது என்று நினைக்கும்போது கிட்டார் மட்டும் தனியாகத் திரும்பி வந்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போகும். அதற்கு முன் அடுத்த பாட்டுக்குத் தாவிவிடாதீர்கள்.

ஐந்தாம் படி: 'டவுன் பை தி ரிவர்', அவசரம் இல்லாமல்

ஒன்பது நிமிடச் சொச்சம். ஆல்பத்தின் இதயம் இதுதான் என்பது என் கட்சி. கடைசிப் பாட்டைச் சொல்பவர்களும் உண்டு. அவர்களோடு சண்டை போடும் அளவுக்கு வித்தியாசம் பெரிதல்ல.

பாட்டின் கதை, காதலியை ஆற்றங்கரையில் சுட்டுவிட்ட ஒருவனின் வாக்குமூலம். அமெரிக்க நாட்டார் பாடல்களில் இப்படிக் கொலைக் கதைகள் சொல்லும் வகை ஒன்று வெகுகாலமாக உண்டு. யங் கதையை விவரிப்பதே இல்லை. ஏன், எப்படி என்று ஒரு சொல் கிடையாது. சொல்லாமல் விட்டதைக் கிட்டார்கள் பேசுகின்றன.

'சின்னமன் கேர்ள்', இந்தப் பாட்டு, கடைசிப் பாட்டான 'கௌகேர்ள் இன் தி சாண்ட்' மூன்றையும் கடும் காய்ச்சலில் கிடந்தபோது ஒரே நாளில் எழுதியதாக யங் சொல்லியிருக்கிறார். உடல் வெப்பம் 103 டிகிரி ஃபாரன்ஹீட். நீண்ட இரண்டு பாட்டுகளில் மந்திரித்துவிட்டது போல ஒரே இடத்தில் சுற்றும் குணத்துக்கு அதுவும் காரணமாக இருக்கலாம்.

சரி, கேட்கும் முறைக்கு வருவோம்.

தொடங்கியதும் ஒரு நிமிடம் வரை எதையும் தேடாதீர்கள். இரண்டே கார்டுகள் மாறி மாறி வருவதை உடம்பில் ஏற்றிக்கொள்ளுங்கள். முதல் சோலோ தொடங்கியதும் கண்ணை மூடிக்கொண்டு ஒரு கேள்வி: எந்தக் காதில் உள்ள கிட்டார் தனி ஸ்வரங்களாகக் குத்துகிறது, எந்தக் காதில் உள்ளது கார்டுகளை விடாமல் பிடித்திருக்கிறது? குத்துவது யங். பிடித்திருப்பது விட்டன். கண்டுபிடித்துவிட்டீர்களா? இனி சோலோ முடியும் வரை யங்கை மறந்துவிடுங்கள். கடினமாக இருந்தால் யங் பக்கத்து ஹெட்ஃபோனைக் காதிலிருந்து தள்ளி வையுங்கள்.

விட்டன் ஒரு கார்டை ஒரே மாதிரி இரண்டு முறை அடிப்பதில்லை. ஒரு சுற்றில் முழுதாக வீசுகிறார், அடுத்த சுற்றில் பாதியில் கையால் அடைத்துவிடுகிறார், அப்புறம் சின்னதாக ஒரு கீறல், பிறகு மௌனம். யங் ஸ்வரத்தைக் கொத்தும்போது இவர் இடைவெளியில் பதில் சொல்கிறார். யங் மூச்சு வாங்கும்போது இவர் அந்த இடத்தை நிரப்புகிறார், ஆனால் நிரப்பிவிட்டேன் என்று காட்டிக்கொள்வதில்லை. அந்த ஒற்றை ஸ்வரம் ஏன் சலிக்கவில்லை என்பதற்கு விடை இந்தப் பக்கத்துக் காதில் இருக்கிறது. விட்டன் தரையை மாற்றிக்கொண்டே இருப்பதால்தான் யங் ஒரே இடத்தில் நிற்க முடிகிறது.

இப்போது பாட்டை மறுபடி ஓடவிட்டு, டால்பட்டையும் மோலினாவையும் கேளுங்கள். அதிகம் தேட வேண்டியதில்லை. பேஸ் கிட்டார் நாலைந்து ஸ்வரங்களுக்குள் அடங்கிவிடுகிறது. டிரம்ஸில் சாகசம் எதுவும் கிடையாது. ஸ்நேர் என்ற சின்ன டிரம்மின் அடி விழ வேண்டிய இடத்தில் விழுகிறது, அவ்வளவுதான். அதே ஆண்டுகளில் ராக் டிரம்மர்கள் என்னென்ன வித்தை காட்டிக்கொண்டிருந்தார்கள் என்று பார்த்தால், மோலினாவின் அடக்கம் ஒரு பிடிவாதம் போலவே படும். தாளம் சில இடங்களில் லேசாக வேகம் பிடிக்கும், சில இடங்களில் தளரும். நால்வரும் சேர்ந்தே பிடிக்கிறார்கள், சேர்ந்தே தளர்கிறார்கள். காதில் இயந்திரம் தட்டும் தாளத்துக்கு (கிளிக் டிராக்) வாசிப்பவர்களிடம் இது கிடைக்காது.

இன்னொன்று. இந்தப் பதிவு வெட்டி ஒட்டியது. வாசித்தது இதைவிட நீளம். சொதப்பிய இடங்களை யங்கும் பிரிக்ஸும் டேப்பிலிருந்து வெட்டி எறிந்தார்கள், வெட்டுக் காயத்தை மறைக்கப் பெரிய சிரமம் எடுக்கவும் இல்லை. மூன்றாவது நான்காவது முறை கேட்கும்போது திடீரென்று காற்று மாறியது போன்ற இடங்கள் தட்டுப்படும். தையல் தெரிகிறது என்று குறை சொல்பவர்கள் சொல்லட்டும். எனக்கு அதைத் தேடுவது ஒரு விளையாட்டு.

ஆறாம் படி: நடுவில் உள்ளவை

தலைப்புப் பாட்டு இரண்டரை நிமிடம். நகர ஓட்டம் அலுத்து ஊர் திரும்ப ஏங்கும் ஒருவனின் பாட்டு, கன்ட்ரி இசை வாடையோடு. பின்னணியில் வரும் 'லா லா' குரல்கள் கிண்டலா, குதூகலமா என்று இன்றுவரை எனக்கு முடிவாகவில்லை.

'ரவுண்ட் அண்ட் ரவுண்ட்' முழுக்க அக்கூஸ்டிக், மின்சாரம் இல்லாத கிட்டார்கள். யங், விட்டன், ராபின் லேன் என்ற பாடகி, மூவரின் குரல்கள். இரவில், விளக்கை அணைத்துவிட்டு. 'தி லூசிங் எண்ட்' மறுபடி கன்ட்ரி. இறுக்கம் தளர ஒரு பாட்டு, அதற்கு மேல் அதைத் தோண்ட வேண்டாம். 'ரன்னிங் டிரை' முதல் தடவை பலருக்குப் பிடிக்காது. வயலின் அழுதுகொண்டே இருக்கிறது, பாட்டு நகர மறுக்கிறது. பிடிக்காவிட்டால் தாண்டிப் போங்கள். ராக்கெட்ஸ் கதை தெரிந்த பின் ஒருநாள் திரும்பி வருவீர்கள்.

ஏழாம் படி: 'கௌகேர்ள் இன் தி சாண்ட்'

பத்து நிமிடம். மெல்லிய மீட்டலில் தயங்கித் தயங்கித் தொடங்கி, பிறகு மொத்தக் குழுவும் கதவை உதைத்துக்கொண்டு நுழைகிறது. ஐந்தாம் படியில் செய்த அதே பயிற்சிதான், ஆனால் இங்கே யங் கொத்துவதை விட்டுவிட்டு நெடுநேரம் அலைகிறார். ஸ்வரங்கள் முறுக்கப்பட்டு, கிழிந்து, சில இடங்களில் சுருதி தடுமாறும் எல்லை வரை போய்த் திரும்புகின்றன. அந்தத் தடுமாற்றத்தைத் திருத்தாமல் விட்டதுதான் இந்த ஆல்பத்தின் துணிச்சல்.

இங்கே கவனிக்க வேண்டியது, சோலோவிலிருந்து பாட்டு வரிகளுக்குத் திரும்பும் இடங்கள். நால்வரும் கலவரத்தின் நடுவிலிருந்து ஒரே நேரத்தில் கீழே இறங்குகிறார்கள். எண்ணி இறங்குவது போலத் தெரியவில்லை. ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு இறங்குவது போல இருக்கிறது.

எட்டாம் படி: கையில் கிட்டார் இருந்தால்

முதலில் கருவிகளைப் பற்றி, சுருக்கமாக. யங் இங்கே வாசித்த கிட்டாரின் செல்லப் பெயர் 'ஓல்டு பிளாக்', 1953ஆம் வருடத்து கிப்சன் லெஸ் பால். தங்க நிறத்தில் வெளிவந்ததன் மேல் யாரோ கறுப்புச் சாயம் பூசியிருந்தார்கள். ஜிம் மெசினாவிடம் தன் கிரெட்ச் கிட்டாரைக் கொடுத்துப் பண்டமாற்றாக இதை வாங்கினார். ஆம்ப், 1959ஆம் வருடத்து ஃபெண்டர் டீலக்ஸ். 50 டாலருக்கு வாங்கியது. சின்னப் பெட்டி, ஒரே ஒரு 12 அங்குல ஸ்பீக்கர், சுமார் 15 வாட். சின்ன வால்வு ஆம்பை அதன் சக்திக்கு மேல் தள்ளினால் வரும் கரகரப்புதான் அந்தச் சத்தம். ஓல்டு பிளாக்கில் ஃபயர்பேர்டு பிக்அப் இருக்கிறது என்று படித்துவிட்டு அதைத் தேடி அலைபவர்களைப் பார்த்திருக்கிறேன். அது எழுபதுகளில் மாட்டப்பட்டது. இந்த ஆல்பத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

'சின்னமன் கேர்ள்' வாசிக்க, ஆறாவது கம்பியையும் முதல் கம்பியையும் இ-யிலிருந்து டி-க்கு இறக்குங்கள். நான்காவது கம்பி ஏற்கெனவே டி. அதோடு ஒப்பிட்டுச் சேர்த்தாலே போதும். இப்போது மூன்று டி கம்பிகள். சும்மா மீட்டினாலே அறை அதிரும். ரிஃபின் கனம் பாதி இந்த டியூனிங்கில்தான் இருக்கிறது. சாதாரண டியூனிங்கில் வாசித்தால் ஏதோ சப்பென்று இருக்கும், ஏன் என்றே புரியாது.

'டவுன் பை தி ரிவர்' பயிற்சிக்கு ஒரு நண்பர் வேண்டும். டியூனிங் சாதாரணம். கார்டுகள் இ மைனர் 7, ஏ மேஜர், இரண்டே இரண்டு. ஒருவர் விட்டன், மற்றவர் யங். விட்டன் ஆகிறவர் ஐந்து நிமிடம் நிற்காமல் இந்த இரண்டு கார்டுகளை மட்டும் வாசிக்க வேண்டும். ஆம்பில் கரகரப்பு குறைவாக இருக்கட்டும். யங் ஆகிறவருக்கு மூன்று ஸ்வரங்கள் மட்டுமே அனுமதி. அப்புறம் இடம் மாற்றிக்கொள்ளுங்கள்.

எல்லாரும் யங் ஆகத்தான் ஆசைப்படுவார்கள். இரண்டு நிமிடத்தில் மூன்று ஸ்வரமும் தீர்ந்துபோய் விழிப்பார்கள். அப்போது விட்டன் இடத்தில் இருப்பவர் ஒரு கார்டை அடிக்காமல் விட்டுப் பார்க்க வேண்டும், அல்லது பாதி அடித்து அடைக்க வேண்டும். அந்த ஓட்டை விழுந்ததும் மற்றவருக்கு உடனே ஏதோ சொல்லத் தோன்றும். இதைப் போனில் பதிவு செய்து கேளுங்கள். எங்கே நன்றாக இருக்கிறதோ, அங்கே ரிதம் வாசித்தவர் என்ன செய்தார் என்று பாருங்கள். டிரம்மர் இருந்தால் அவருக்கு ஒரே நிபந்தனை: உருட்டல் கூடாது. 'கௌகேர்ள்' பாட்டுக்கு இதே பயிற்சியை ஏ மைனர், எஃப் இரண்டையும் வைத்துச் செய்யலாம்.

ஒன்பதாம் படி: இதற்குப் பின் எதைக் கேட்பது

ஆல்பம் வந்த சில வாரங்களிலேயே யங் 'கிராஸ்பி, ஸ்டில்ஸ் அண்ட் நாஷ்' என்ற மூவர் குழுவுடன் சேர்ந்துவிட்டார். ஆகஸ்டில் உட்ஸ்டாக் இசை விழா மேடை. ஆனால் கிரேசி ஹார்ஸை விடவில்லை. இந்த ஆல்பமும் மெதுவாகத்தான் ஏறியது: அமெரிக்கப் பட்டியலில் 34ஆம் இடம் என்ற அதன் உச்சத்தைத் தொட்டது 1970இல், வெளியாகி ஒரு வருடத்துக்கும் மேலாகி.

காலவரிசையில் போக விரும்பினால் 1975இன் 'ஜூமா', 1979இன் 'ரஸ்ட் நெவர் ஸ்லீப்ஸ்' ஆல்பத்தின் இரண்டாம் பாதி, 1990இன் 'ராக்ட் குளோரி'. இவற்றில் எல்லாம் இரண்டாவது கிட்டார் ஃபிராங்க் சாம்பெட்ரோ. அவர் வாசிப்பு விட்டனைவிடத் தடித்தது, நேரானது. சுவர் எழுப்புவது போல. கார்டுகளைப் பிடிக்கும் ரிதம் கிட்டார் மாறினால் குழுவே எப்படி மாறுகிறது என்று பார்க்க 'ஜூமா'வின் 'கோர்டெஸ் தி கில்லர்' நல்ல இடம்.

அந்த ஆல்பங்கள் வரும்போது விட்டன் உயிரோடு இல்லை. ஹெராயின் பழக்கம் அவரைத் தின்றுகொண்டிருந்தது. 1972 நவம்பரில் யங்கின் சுற்றுப்பயண ஒத்திகைக்கு வந்தார், வாசிக்க முடியவில்லை. யங் அவரை ஊருக்குத் திருப்பி அனுப்பினார், விமானச் சீட்டும் 50 டாலரும் கொடுத்து. அன்றிரவே லாஸ் ஏஞ்சலிஸில் இறந்தார். வயது 29.

ஆகவே நான் காலவரிசையை விட்டு வேறொன்றைச் சொல்வேன். 1970 மார்ச்சில் நியூயார்க்கின் ஃபில்மோர் ஈஸ்ட் அரங்கில் இவர்கள் வாசித்தது பதிவாகி, 36 வருடம் பெட்டியில் கிடந்து, 2006இல் வெளிவந்தது. ஜாக் நிட்சே எலெக்ட்ரிக் பியானோவில் இருக்கிறார். 'டவுன் பை தி ரிவர்' 12 நிமிடத்துக்கு மேல், 'கௌகேர்ள்' 16 நிமிடத்துக்கு மேல். ஹெட்ஃபோனை மாட்டி, ஐந்தாம் படியில் செய்தது போலவே கார்டுகளைப் பிடித்திருக்கும் கிட்டார் எந்தக் காதில் என்று முதலில் கண்டுபிடியுங்கள். இந்தமுறை ஒரு நிமிடம்கூட ஆகாது.